நாங்கள் சேர்ந்து விழித்திருந்த இரவுகள்

மாலை ஆறேகாலுக்கு என் மனைவி வேலைக்குக் கிளம்புவாள். மறுநாள் காலை எட்டு மணிக்குச் சற்று முன்னால் திரும்பி வருவாள். ஐ.சி.யு. நர்ஸ். நியூ ஜெர்ஸியில், மான்மவுத் ஜங்ஷனில், எங்கள் வீட்டில் பதினெட்டு வருடமாக இதுதான் நடைமுறை. நான் பகலில் வேலை பார்க்கிறவன். மருந்துப் பெட்டிகளை அடுக்கி லாரியில் ஏற்றும் ஒரு குடோனில் எட்டரைக்கு நிற்க வேண்டும்.

நான் ப்ளஸ் டூவோடு நின்றவன். அவள் திண்டுக்கல்லில் நர்சிங் படித்து, பரீட்சை எழுதி, அவளுக்குக் கிடைத்த விசாவில்தான் நாங்கள் இங்கே வந்து சேர்ந்தோம். அவள் பின்னால் வந்தவன் நான் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் கூச்சம்தான்.

வந்தபோது மகனுக்கு ஐந்து வயது. ராத்திரியில் அவனோடு நான் இருப்பேன். மூன்று மணிக்கு ஸ்கூல் பஸ் வரும்போது அவள் எழுந்து வாசலில் நிற்பாள். டேகேரில் விட வேண்டாம், யாரிடமும் உதவி கேட்டு நிற்க வேண்டாம். அப்படி ஆரம்பித்ததுதான். நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது காலையில் இருபது நிமிடம், மாலையில் அதைவிடக் கொஞ்சம் கூட. காலையில் சமையலறை மேஜையில் எனக்குக் காபியும் இட்லியும், அவளுக்கு ரசம் சாதமும் அப்பளமும். என்னுடைய பொழுது தொடங்கும், அவளுடையது முடியும். ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் போய் இன்னொரு நர்ஸ் வரும்போது ரிப்போர்ட் கொடுப்பார்களாம். அவள் வீட்டிலும் கேட்பாள்.

"ம், ரிப்போர்ட் குடுங்க."

"ராத்திரி ஜுரம் இல்ல. ரெண்டு மணிக்கு ஒரு தடவ எழுந்தான், தண்ணி குடிச்சான். மேத்ஸ் ஹோம்வொர்க் பாக்கி."

"சரி, டேக் ஓவர் பண்ணிட்டேன். நீங்க கிளம்புங்க."

வாரத்தில் நாலு ராத்திரி டூட்டி, மூன்று ராத்திரி லீவு. ஆனால் லீவு நாளிலும் உடம்பு கேட்காது. நான் மாடியில் தூங்குவேன், அவள் கீழே டிவி சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பகலில் அவள் தூங்க, படுக்கையறை ஜன்னலுக்குக் கனமான கறுப்புத் திரை போட்டேன். கதவுக்கு அடியில் வெளிச்சம் நுழையாமல் ஒரு துண்டைச் சுருட்டி வைப்பேன். சனிக்கிழமை குக்கர் வைக்க வேண்டுமென்றால் கராஜுக்குக் கொண்டுபோய் ஒரு மின்சார அடுப்பில் வைப்பேன். விசில் அங்கே அடித்துக்கொள்ளும். பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் ஒருமுறை பதறி ஓடிவந்து, ஏதாவது வெடிக்கப்போகிறதா என்று கேட்டார். பருப்பு என்று சொன்னேன்.

போன வருடம் மகன் படிப்பை முடித்து டெக்சாஸில் காப்பெல் பக்கம் வேலைக்குப் போய்விட்டான். இந்த வசந்தத்தில் ஒரு காலை, ரசம் சாதத்தைப் பிசைந்தபடி அவள் சொன்னாள்.

"டே ஷிஃப்ட்ல ஒரு இடம் காலியாகுது. எனக்குத் தரேன்னு மேனேஜர் சொல்றாங்க. என்ன சொல்லட்டும்?"

"உன் இஷ்டம்மா" என்றேன்.

அவள் சாப்பிட்டு முடித்து, தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

எனக்கு அவள் ராத்திரியில் வீட்டில் இருக்க வேண்டும். அந்த ஆசை எனக்குப் பல வருடமாக இருந்தது. ஆனால் எங்களை இங்கே கொண்டுவந்து நிறுத்தியவள் அவள். அவளுடைய வேலையில் வா, போ என்று சொல்ல நான் யார் என்ற எண்ணம் ஒரு பக்கம். வாயைத் திறந்து அப்படி ஒன்றைக் கேட்பதில் இருக்கும் கூச்சம் மறுபக்கம். உன் இஷ்டம் என்று சொல்வது பெருந்தன்மை என்றுதான் நினைத்திருந்தேன். அதன்பின் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஜூன் லீவு முடிவதற்குள் மெயிலில் பதில் சொல்வதாக மேனேஜரிடம் சொல்லியிருக்கிறாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

ஜூனில் எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். மகன் தன் சம்பளத்தில் எங்கள் இருவருக்கும் ஸ்பெயினில் வலென்சியாவுக்கு டிக்கெட் போட்டான். மத்தியதரைக் கடல் ஓரத்தில் இருக்கிற ஊர். தங்குவதற்குக் கடற்கரைப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட். கிளம்புவதற்கு முதல் நாள் போனில் கூப்பிட்டான். நாங்கள் தமிழில் பேசுவோம், அவன் இங்கிலீஷில் பதில் சொல்வான்.

"டாட், ப்ராமிஸ் மீ. யூ வோன்ட் ஸ்லீப் அட் நைன்."

"சரிப்பா."

"ஐ'ம் சீரியஸ். த ஹோல் சிட்டி வேக்ஸ் அப் அட் டென்."

"அப்ப உங்கம்மாவுக்கு ஏத்த ஊரு."

அவன் சிரித்தான். ஜெட் லேக் இருக்கும், முதல் நாள் பார்த்து இருந்துகொள்ளுங்கள் என்றும் சொன்னான். எங்கள் வீட்டில் பதினெட்டு வருடமாக ஜெட் லேக்தான் என்று அவன் அம்மா பக்கத்திலிருந்து சொன்னாள்.

எங்கள் ஃபிளாட் பழைய மீனவர்கள் குடியிருப்பில், கபன்யால் என்ற பகுதியில் இருந்தது. வீடுகளின் முன்சுவரில் பச்சையும் நீலமுமாக ஓடு பதித்திருப்பார்கள். சந்துபோன்ற தெருக்கள். ஐந்து நிமிடம் நடந்தால் கடல். எங்களுக்கு இரண்டாவது மாடி, தெருவைப் பார்த்த ஒரு பால்கனி.

முதல் நாள் ஆறரைக்கே பசித்தது. நியூ ஜெர்ஸியில் அது சாப்பாட்டு நேரம். அவள் டூட்டிக்குப் போன கையோடு நான் சாப்பிட்டுவிடுவேன். கீழே இறங்கி ஒரு சாப்பாட்டுக் கடையில் நுழைந்தோம். மேஜைகள் காலி. ஓர் ஆள் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்பது விரலைக் காட்டினார். ஒன்பது நிமிடம் காத்திருக்கச் சொல்கிறார் போலிருக்கிறது என்று உட்காரப் போனேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, கடிகாரத்தைக் காட்டி, மறுபடியும் ஒன்பது விரல்.

"ஒம்போது மணிக்காம்" என்றாள் மனைவி. அவளுக்குச் சிரிப்பு.

எனக்கு ஒன்பது மணி என்றால் படுக்கிற நேரம். திரும்பி வந்து, பெட்டியில் கொண்டுபோயிருந்த சின்ன ரைஸ் குக்கரில் சாதம் வைத்து, பருப்புப் பொடி போட்டுச் சாப்பிட்டேன். ஒன்பது மணிக்கு ஜன்னலுக்கு வெளியே இன்னும் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலிலேயே படுத்துத் தூங்கிவிட்டேன். மகனுக்குக் கொடுத்த வாக்கு அன்றைக்கே போயிற்று.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அலாரம் இல்லாமலே விழித்தேன். அவள் பக்கத்தில் வந்து படுத்துச் சற்று நேரம்தான் ஆகியிருக்கும் என்று மூச்சிலேயே தெரிந்தது. ஜன்னலுக்கு வெளியே சுருட்டி இறக்குகிற மாதிரி பலகை மறைப்பு ஒன்று இருந்தது. அதைச் சத்தமில்லாமல் இறக்கினேன். குளியலறையிலிருந்து ஒரு துண்டை எடுத்துக் கதவுக்கு அடியில் சுருட்டி வைத்தேன். அவள் போனை சைலண்டில் போட்டேன். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கி, தெருவுக்கு வந்துதான் மாட்டினேன்.

காலையில் அந்த ஊர் காலியாக இருந்தது. கடற்கரையில் மணலை வாருகிற வண்டி ஒன்று, நாய் கூட்டிவந்த இரண்டு பேர். ஒரு மாதா கோயில் திறந்திருந்தது. உள்ளே போய்ப் பூசை கண்டேன். பாஷை தெரியாவிட்டாலும் எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று தெரியுமே. மார்க்கெட்டில் தக்காளியும் பீச் பழமும் வாங்கினேன். ஒரு மணிக்குத் திரும்பினால் அவள் இன்னும் எழுந்திருக்கவில்லை. நல்ல தூக்கம் தூங்குகிறாள் என்று எனக்குத் திருப்தி. மறுநாளும் அப்படியே செய்தேன். மூன்றாம் நாளும்.

மாலையில் கொஞ்சம் சேர்ந்து நடப்போம். வீட்டில் பேசுவதைவிடக் கூடுதலாக ஒன்றும் பேசிவிடவில்லை. ஒன்பது ஆனதும் எனக்குக் கொட்டாவி வரும். "நீங்க போய்ப் படுங்க" என்பாள். போய்ப் படுப்பேன்.

நாலாம் ராத்திரி தண்ணீர் தாகத்தில் விழித்தேன். பன்னிரண்டு தாண்டியிருந்தது. பக்கத்தில் அவள் இல்லை. அது எனக்குப் பழக்கம்தான். முன்னறைக்குப் போனேன், அங்கும் இல்லை. பால்கனி நாற்காலி காலி. அப்போதுதான் பயம் வந்தது. பாஷை தெரியாத ஊரில் நடு ராத்திரியில் எங்கே போனாள்?

கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பால்கனிக் கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தேன். எங்கள் தெருவில் பகலில் யாரும் இல்லாத வாசல்களிலெல்லாம் இப்போது நாற்காலிகள். ஒரு வாசலில் மேஜை போட்டு மீன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாலைந்து வயதுக் குழந்தைகள் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தன. நேர் கீழே, ஐந்தாறு பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் என் மனைவி. கையில் யாரோ கொடுத்த மடக்கு விசிறி. இன்னொரு கையில் சூரியகாந்தி விதை. பல்லால் கடித்துத் தோலைக் காகிதக் கோப்பையில் துப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த பருமனான அம்மா என்னவோ சொல்ல, இவள் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தாள். அப்படி அவள் சிரித்து நான் பார்த்து எத்தனை வருடம் ஆயிற்று என்று யோசித்துப் பார்த்தேன். கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் களைத்து வருகிற முகமும், மாலையில் அவசரமாகக் கிளம்புகிற முகமும்தான் எனக்குத் தெரிந்தவை. இது மூன்றாவது முகம்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டாள்.

"என்னங்க! முழிச்சிட்டீங்களா? எறங்கி வாங்க!"

எல்லாப் பெண்களும் நிமிர்ந்து பார்த்தார்கள். நான் பனியனும் லுங்கியுமாக நின்றிருந்தேன். சட்டென்று உள்ளே போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டேன். கீழே இன்னும் பெரிய சிரிப்பு.

பேன்ட் சட்டை போட்டுக்கொண்டு இறங்கிப் போனேன். பருமனான அம்மா எழுந்து தன் நாற்காலியை எனக்குத் தள்ளினார். என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் என்னவோ கேட்டார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?"

"மூணு நாளா சாயங்காலமே போய்ப் படுத்துக்கறீங்கல்ல. உங்களுக்கு உடம்பு சரியில்லன்னு நெனச்சிட்டு இருக்காங்க. ஒரு கெழவி உங்களுக்காகச் செபம் பண்ணினாங்களாம், சைகைல காட்டினாங்க."

"நீ என்ன சொன்ன?"

"நல்லா வேண்டிக்குங்கன்னு சொன்னேன்."

ஒரு கை விதை கொடுத்தார்கள். எனக்குத் தோலும் பருப்பும் சேர்ந்தே வாயில் போயிற்று. அதற்கும் சிரித்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து நாங்கள் எழுந்து கடற்கரைப் பக்கம் நடந்தோம்.

"கீழ போறேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல? பயந்துட்டேன்."

"தூங்கறீங்க, ஏன் எழுப்பணும்னு வந்துட்டேன். நீங்க காலைல என்னை எழுப்பாம போற மாதிரி."

அவள் குரலில் இருந்தது கோபம் என்று அப்போதுதான் தெரிந்தது.

"உனக்குத் தூக்கம் வேணுமேன்னுதான்..."

"மூணு நாளா கண்ணத் தொறந்தா கும்மிருட்டு. கதவுக்கு அடியில துண்டு. வீட்லதான் இருக்கேன், டூட்டிக்கு நேரமாச்சுன்னு நெனச்சு பாத்ரூம் பக்கம் ஓடி அலமாரியில முட்டிக்கிட்டேன். இங்க பாருங்க." முழங்கையில் நீலமாகக் கன்றியிருந்தது. "இவ்வளவு தூரம் கடல் தாண்டி வந்தும் என்னை ரூம்ல போட்டுப் பூட்டிட்டு நீங்க மட்டும் ஊர் சுத்தறீங்க."

"நான் பூட்டல."

"துண்டு வச்சீங்கல்ல."

பதினெட்டு வருடமாக நான் அவளுக்குச் செய்த ஒரே சேவை அது. அதில் ஒரு நாளும் தவறியதில்லை என்ற பெருமை எனக்கு உண்டு. அந்தப் பெருமையோடு அவளைத் தனியாக விட்டுவிட்டு மூன்று பகல் நடந்திருக்கிறேன்.

கடற்கரை நெடுகிலும் அகலமான நடைபாதை. மணி ஒன்று இருக்கும். நியூ ஜெர்ஸியில் கடைவீதிகளில் கிறிஸ்துமஸ் சமயத்தில் இருக்கும் கூட்டம் அங்கே சாதாரணமாக நடந்துகொண்டிருந்தது. தள்ளுவண்டியில் கைக்குழந்தையோடு ஒரு ஜோடி. கைத்தடியோடு இரண்டு பெரியவர்கள், சட்டைப் பையில் சீப்பு. பெண்பிள்ளைகள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் ஓடினார்கள். கோரைக்கிழங்கில் அரைத்து எடுத்த குளிர்ந்த பால் ஒன்று விற்றார்கள். ஆளுக்கு ஒரு தம்ளர் வாங்கினோம். அவள் கோபம் கொஞ்சம் இறங்கியிருந்தது. பேசினாள். அப்படி ஒரு பேச்சு.

"மூணு மணிக்கு எங்க வார்டு எப்படி இருக்கும் தெரியுமா?"

"கஷ்டமா இருக்கும்."

"அதான் உங்களுக்குத் தெரியாது. பன்னெண்டு வரைக்கும் ஓட்டமா இருக்கும். மூணு மணிக்கு ஒரு அமைதி வரும் பாருங்க. மெஷின் சத்தம் மட்டும். சொந்தக்காரங்க யாராவது சேர்ல உக்காந்தபடியே தூங்கிடுவாங்க. போர்வ எடுத்து மூடி விடுவேன். அவங்களுக்குத் தெரியவே தெரியாது. பனிக்காலத்துல ஜன்னல் வழியா பாத்தா பார்க்கிங் லாட் விளக்குக்குக் கீழ மட்டும் பனி விழற மாதிரி இருக்கும். அந்த நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்."

நான் தம்ளரைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். ராத்திரி வேலை அவளுக்குத் தண்டனை என்று நினைத்திருந்தேன். அதற்காகக் கோயிலில் மெழுகுவர்த்திகூட ஏற்றியிருக்கிறேன். அதில் அவளுக்குப் பிடித்த ஒரு மணி நேரம் இருப்பதே எனக்குத் தெரியாது. நான் கேட்டதில்லை.

"அப்ப டே ஷிஃப்ட்டுக்கு என்ன எழுதப்போற?"

"நீங்க சொல்லுங்க."

"உன் இஷ்டம்னு அன்னைக்கே..."

அவள் நின்றாள்.

"பேயிங் கெஸ்ட்கிட்ட சொல்ற மாதிரி சொல்றீங்க. என் இஷ்டம். என் இஷ்டம். உங்க இஷ்டம் என்ன? நான் ராத்திரி வீட்ல இல்லாதது உங்களுக்கு ஒண்ணுமே தோணலியா? இல்ல, பழகிப்போச்சு, இனிமே நான் வந்தாத்தான் தொந்தரவா? அதையாவது சொல்லுங்க. ஞாயித்துக்கெழமைக்குள்ள பதில் போடணும்."

சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் இருந்தது. எங்கள் கட்டிலில் நான் இடது ஓரத்தில்தான் படுப்பேன். வலது பக்கத்தில் அவள் இல்லாத ராத்திரியிலும் ஒரு நாளும் உருண்டு போனதில்லை. பனி கொட்டும் நாட்களில் இரண்டு மணிக்கு எழுந்து, அவள் ஓட்டிவர வேண்டிய ரோட்டை போனில் பார்ப்பேன். காலையில் கராஜ் கதவு மேலே ஏறும் சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை. எதிரே ஒரு கடை தெரிந்தது.

"ஐஸ்கிரீம் சாப்பிடறியா?" என்றேன்.

"கடவுளே" என்று சொல்லிவிட்டு அவள் முன்னால் நடந்தாள்.

கொஞ்ச தூரத்தில், மணலில் பலகை விரித்த ஒரு கடைக்கு முன்னால் பாட்டுக் கச்சேரி. டிரம், கிடார், இரண்டு டிரம்பெட். காதுக்குள் இடிக்கிற சத்தம். ஐம்பது அறுபது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். தாத்தாவும் ஆடினார், பேத்தியும் ஆடினாள். அவள் நேரே அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் போய் நின்று கைதட்ட ஆரம்பித்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் தள்ளியே நின்றேன். இப்போது போகாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அவள் 'வேண்டாம்' என்று எழுதிவிடுவாள். என் மேல் கோபத்தில் இல்லை, எனக்குத் தேவையில்லை என்று நினைத்து எழுதுவாள். அப்புறம் நான் ரிட்டயர் ஆகும்வரை கதவுக்குத் துண்டு வைத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கூட்டத்தில் முழங்கையால் இடித்துக்கொண்டு போனேன். அவள் காதுப் பக்கம் நின்று சொன்னேன்.

"நீ ராத்திரி வீட்ல இருக்கணும்."

"என்ன?"

கத்தினேன். "ராத்திரி வீட்ல இரு!"

காதில் கையைக் குவித்தாள். "கேக்கல!"

சுற்றி அத்தனை பேர். ஒருவருக்கும் தமிழ் தெரியாது. வாழ்க்கையில் முதல் தடவையாக அது எனக்கு ஒரு வசதியாகத் தெரிந்தது.

"எனக்கு நீ பக்கத்துல வேணும்! நீ போனப்புறம் அந்த வீட்ல முழிச்சிருக்க என்ன இருக்கு? அதான் ஒம்போது மணிக்கே போய்ப் படுத்துடறேன்! எனக்குத் தூக்கம் வருதுன்னா நெனச்ச?"

பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒரு பையன் என் தோளைத் தட்டிக் கட்டைவிரலை உயர்த்தினான். நான் பாட்டைப் பாராட்டுகிறேன் என்று நினைத்திருப்பான்.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் நிறைந்திருந்தது. என் கையைப் பிடித்துக் கூட்டத்துக்கு வெளியே இழுத்து வந்தாள்.

"மொதல் தடவையே கேட்டுச்சு" என்றாள்.

"அப்புறம் ஏன் கேக்கலன்னு..."

"பதினெட்டு வருஷத்துக்கு மூணு தடவ சொன்னா கொறைஞ்சா போயிடுவீங்க?"

மணலில் உட்கார்ந்தோம். கடல் பக்கத்தில் இருந்ததே அப்போதுதான் கவனத்துக்கு வந்தது. அவளே ஆரம்பித்தாள்.

"எனக்கு ராத்திரி தூக்கம் வராது. பொரண்டுக்கிட்டே இருப்பேன். பரவால்லையா?"

"பரவால்ல."

"டிவி போடுவேன்."

"போடு."

"நீங்க கொறட்ட விட்டா ஒதைப்பேன்."

"ஒத."

"இதெல்லாம் சொன்னதுக்காக நான் உடனே சரின்னு எழுதிட மாட்டேன். யோசிக்கணும். ராத்திரிய விடறது எனக்கும் லேசு இல்ல."

"யோசி" என்றேன். 'உன் இஷ்டம்' நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

மறுநாள் காலையில் மறைப்பை இறக்கவில்லை. செருப்பைக் கையில் தூக்கவில்லை. அவள் பக்கத்திலேயே படுத்திருந்தேன். பத்து மணிக்கு முகத்தில் வெயில் விழுந்து இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தோம். மத்தியானம் ஊரே படுத்திருக்கிற நேரத்தில் நானும் ஒரு குட்டித் தூக்கம் போட்டுக்கொண்டேன். பத்து மணிக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு இறங்கினேன். தெருவில் அம்மாக்கள் கைதட்டினார்கள். செபம் பலித்துவிட்டது என்று நினைத்திருக்க வேண்டும்.

அந்த மிச்ச ராத்திரிகளை எப்படிச் சொல்வது? பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது விரல் காட்டிய ஆளின் கடைக்கு ராத்திரி பத்தரைக்குப் போய், சின்னச் சின்ன மட்டிச் சிப்பிகளைச் சாறோடு உறிஞ்சினோம். இரண்டு மணிக்கு மாவைப் பிழிந்து பொரித்த நீளமான ஒரு பலகாரத்தைக் கெட்டிச் சாக்லேட்டில் தோய்த்துத் தின்றோம். அவள் அந்தக் கச்சேரிக் கடைப் பலகையில் ஏறி இரண்டு பாட்டுக்கு ஆடினாள். நான் ஆடவில்லை, அவள் கைப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆனால் முன்வரிசையில் நின்றேன். ஒரு கடையில் ஜாடியில் ஆரஞ்சு ஜூஸ் கொடுத்தார்கள். வெயில் நாள், மூன்று தம்ளர் மடமடவென்று குடித்தேன். அதில் ஒயின் கலந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழி முழுவதும் நான்தான் பேசினேனாம். பனி நாட்களில் ரோட்டைப் பார்ப்பது, கராஜ் கதவுச் சத்தம், கட்டிலின் இடது ஓரம், எல்லாவற்றையும் சொல்லிவிட்டேனாம். எனக்கு நினைவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும். ஜூஸ் கிடைக்கிற இடத்தை மகனிடம் கேட்டு நியூ ஜெர்ஸிக்கு ஒரு பெட்டி வரவழைக்கணும் என்றாள்.

சனிக்கிழமை, கடைசி ராத்திரி. நடைபாதைக் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்திருந்தோம். போனை எடுத்து எழுத ஆரம்பித்தாள். நான் கடலைப் பார்த்தேன். அவள் எழுதுகிற நேரம் ரொம்ப நீளமாக இருந்தது.

"படிக்கவா?" என்றாள். இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொன்னாள். டே ஷிஃப்ட்டுக்குச் சம்மதம், செப்டம்பரிலிருந்து வருகிறேன், நன்றி. அவ்வளவுதான்.

"அந்த மூணு மணி?" என்று கேட்டேன்.

"அது ஆஸ்பத்திரிலதான் கெடைக்கும்னு நெனச்சிட்டு இருந்தேன்" என்றாள். போனைப் பைக்குள் போட்டாள். "இப்ப மூணு மணி ஆகப்போகுது. பாருங்க, இங்கயும் வருது."

செப்டம்பரில் ஒரு வியாழக்கிழமை அவளுக்கு முதல் பகல் டூட்டி. ராத்திரி எட்டு மணிக்குத் திரும்பி வந்தவள், சோபாவில் சாய்ந்தபடியே தூங்கிவிட்டாள். நான் எழுப்பி மாடிக்குக் கூட்டிப்போனேன். பன்னிரண்டரைக்கு அவள் புரள்வது தெரிந்தது. நானும் தூங்கவில்லை.

"முழிச்சிருக்கீங்களா?"

"ம்."

"ஏன்?"

"பக்கத்துல யாரோ இருக்காங்க."

உதைத்தாள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறவள். அப்புறம் இருட்டில், "பசிக்குது" என்றாள். அந்த நேரத்துக்கு அவளுடைய வயிறு ஆஸ்பத்திரி கான்டீனைத் தேடும்.

"நாளைக்கு டூட்டி இல்லியே?"

"இல்ல."

கார் எடுத்தோம். ரூட் ஒன்னில் இருபத்துநாலு மணி நேரமும் திறந்திருக்கிற டைனர் என்கிற சாப்பாட்டுக் கடை ஒன்று உண்டு. அந்த ரோட்டில் ஆயிரம் தடவை போயிருக்கிறேன், ராத்திரியில் அதன் விளக்கு எரிந்து பார்த்ததில்லை. உள்ளே லாரி டிரைவர்கள் இரண்டு பேர், கல்யாண வரவேற்பிலிருந்து வந்த மாதிரி பட்டு உடுத்திய ஒரு குஜராத்திக் குடும்பம், போலீஸ்காரர் ஒருவர். எனக்குத் தெரியாமல் இந்த ஊரிலும் ஆட்கள் விழித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். அவள் பான்கேக்கும் ஆம்லெட்டும் சொன்னாள். நான் டீ மட்டும்.

சாப்பிட்டுக்கொண்டே பேசினாள். பகல் டூட்டியில் டாக்டர்கள் கூட்டமாக வந்து வழியை அடைக்கிறார்கள், போன் ஓயாமல் அடிக்கிறது, ஜன்னலைப் பார்க்க நேரமே இல்லை. குறையாகத்தான் சொன்னாள். ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த மூன்றாவது முகம்.

"உங்களுக்குத் தூக்கம் வருதா?"

"இல்லியே."

பொய். குடோனில் எட்டரைக்கு நிற்க வேண்டும், இமை இரண்டும் கல்லாகக் கனத்தன. அவள் தட்டில் இன்னும் பாதி ஆம்லெட் இருந்தது. கன்னத்தில் கையை முட்டுக்கொடுத்து, இன்னொரு டீ கொண்டுவரச் சொன்னேன்.